ஒளிவாளும் தளர்ந்த மரையாணியும்

மனிதன் தன் கைக்கு எட்டாத வினைகளை முடித்தற்பொருட்டுப் படைத்துக்கொண்ட கருவிகள் எண்ணிறந்தன. கல்லால் வெட்டியவன் பின்னர் இரும்பால் வெட்டினான். இரும்பால் வெட்டியவன் இன்று ஒளியால் வெட்டுகின்றான். லேசர் என்று வழங்கும் இவ்வொளிவாள் பெருநகரத் தொழிற்சாலைகளினின்றும் புறப்பட்டு, காவிரிப் படுகையின் சிறு கடைகளிலும் குடிபுகுந்துவிட்டது. ஆயினும், கருவி எத்துணை நுண்ணியதாயினும் அதனைத் தாங்கி நிற்பது சிறு விலையுள்ள ஒரு மரையாணியே. அவ்வாணி வழியிடையே தளர்ந்து வந்து சேருமாயின் யாது செய்தல் வேண்டும், யாது செய்தலாகாது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் பயில்வோனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். தேரின் அச்சாணியை உவமையாக எடுத்தாண்டவர் திருவள்ளுவர். ஆதலின் ஆணி நமக்கு அயலான பொருளன்று.

முதற்கண், லேசர் என்பது யாது என்று ஒருவாறு அறிந்துகொள்வோம். விளக்கின் ஒளி பல நிறங்கள் கலந்து எத்திசையும் சிதறுவது. திருவிழா முடிந்து கலையும் கூட்டத்தை அஃது ஒக்கும். லேசர் ஒளியோ ஒரே நிறமுடையதாய், ஒரே திசை நோக்கி, அணிவகுத்த படைபோலச் செல்வது. அதனை ஒரு வில்லையின் வழியே செலுத்தினால் மயிரிழையளவான புள்ளியிற் குவித்தல் கூடும். குவிந்த இடத்தில் மரம் கரிந்து ஆவியாகும். அப்புள்ளியை நகர்த்திச் சென்றால் அதுவே வெட்டு. இதற்கு வித்தாகிய கொள்கையை 1917-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஐன்ஸ்டீன். முதல் லேசரைச் செயற்கை மாணிக்கக் கோலொன்றைக்கொண்டு 1960-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் இயக்கிக் காட்டியவர் அமெரிக்கராகிய மெய்மன். மரமும் தோலும் வெட்டுதற்கு இன்றும் பெரிதும் பயன்படும் கரியமில வாயு லேசரை 1964-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குமார் படேல், மகாராட்டிரத்துப் பாராமதியிற் பிறந்தவர் என்பது நாம் மகிழ்தற்குரிய செய்தியாகும்.

இக்காலத்துச் சிறு கடைகளுக்கு வந்து சேர்வதோ பெரும்பாலும் வாயு லேசரன்று. டயோடு லேசர் எனப்படும் சிறிய வகை. அதன் ஒளி நீல நிறத்தது. அலைநீளம் ஏறத்தாழ 450 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டராம். இத்தகைய டயோடையும், அதன் முன் ஒரு வில்லையையும், சூடு போக்கும் அலுமினியக் கட்டையையும், ஒரு சிறு மின்விசிறியையும், புகையை ஊதித்தள்ளும் காற்று மூக்கையும் ஒரு கூட்டினுள் அடக்கி, ‘தலை’ என்னும் பெயரால் விற்கின்றனர். முன்னரே ஒருவரிடம் இருக்கும் செதுக்குபொறியின் வண்டியில் நான்கு மரையாணிகளால் இத்தலையைப் பொருத்திவிட்டால், பழைய பொறியே ஒளிவாள் ஏந்திய பொறியாகிவிடும். முழுப்பொறி வாங்க இயலாத சிறு தொழிலாளர்க்கு இது பேருதவி.

நாகூரில் பெயர்ப்பலகைகளும் பரிசுக் கேடயங்களும் செய்து விற்கும் பெரியவர் ஒருவரை யான் அறிவேன். அவர் வரவழைத்த லேசர்த் தலை, தர்காவின் கந்தூரி விழாவுக்குச் சில வாரங்களே இருக்கையில் வந்து சேர்ந்தது. கந்தூரிக் காலத்தில் வெளியூர் மக்கள் பெருந்திரளாக நாகூரில் கூடுவர். அவர் கடைக்கு ஆண்டின் பெருவிற்பனை அந்நாட்களிலேயே. பெட்டியைப் பிரித்துத் தலையைக் கையிலெடுத்தவுடன் உள்ளே கடகடவென்று ஓர் ஓசை கேட்டது. பொறியிற் பொருத்தி விரலால் அசைத்தபோது தலை இடமும் வலமுமாகச் சற்றே ஆடிற்று. பெரியவர் அடுத்த பட்டறையின் ஃபிட்டரை அழைத்து, “தம்பி, ஓடவிட்டுப் பார்த்தால்தானே கோளாறு எங்கே என்று தெரியும்?” என்றார். “பாய், ஓடவிட்ட பிறகு பார்ப்பதற்குக் கண் இருக்க வேண்டுமே, முதலில் மின்சாரச் செருகியைக் கழற்றுங்கள்” என்று அவ்விளைஞர் விடையிறுத்தார். அவர் அன்று செய்தவற்றை முறையாக ஆராய்ந்தால் இப்பொருள் முழுவதும் நமக்கு விளங்கும்.

கண்ணைப் பற்றி அவர் கூறியது மிகையன்று. ஒளியின் ஆற்றல் அரை வாட்டுக்கு மேற்பட்ட லேசர்கள் அனைத்தும் மிக்க இடருடைய நான்காம் வகுப்பில் வைத்து எண்ணப்படுகின்றன. மரம் வெட்டும் தலையின் ஆற்றலோ பல வாட்டு. நீல ஒளி கண்ணின் முன்படலத்தையும் கண்வில்லையையும் ஊடுருவிச் சென்று விழித்திரையிலேயே குவிகின்றது. பொறியின் வில்லை மரத்தில் செய்வதையே நம் கண்ணின் வில்லை நம் விழித்திரையில் செய்துவிடும் என்க. கண் இமைத்துக் காத்துக்கொள்ள ஏறத்தாழக் கால் நொடி வேண்டும். தீங்கு அதற்கு முன்னரே முடிந்துவிடும். விழித்திரையில் வெந்த பகுதி மீண்டும் பார்வை பெறாது. நேரே பாயும் ஒளி மட்டுமன்று, பளபளப்பான உலோகத்திற் பட்டுத் திரும்பும் ஒளியும் இக்கேட்டினைச் செய்ய வல்லது. தளர்ந்த தலையோ எத்திசையை நோக்குமென்று எவராலும் கூறவியலாது. ஆகவே, தளர்வின் இடத்தை ஒளியை ஏற்றித் தேடுதல், வைக்கோற்போரில் நெருப்புக்கொள்ளியைக்கொண்டு ஊசி தேடுவதை ஒக்கும்.

இனி, பெட்டியில் இடும்பொழுது இறுக்கமாயிருந்த ஆணி வந்து சேரும்பொழுது தளர்வது எங்ஙனம்? மரையாணியை நாம் முறுக்கும்போது அது நம் கண்ணுக்குப் புலனாகா வண்ணம் சிறிதே நீளுகின்றது. நீண்ட ஆணி மீண்டும் குறுக முயல்வதால் இரு பகுதிகளும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. அந்நெருக்கத்தால் மரைகளுக்கிடையே எழும் உராய்வே ஆணியைத் திரும்பவொட்டாது காக்கின்றது. எனவே ஆணி என்பது உண்மையில் விறைப்பான ஒரு வில்சுருளே. வண்டியில் ஏற்றிய சரக்கு சாலையின் மேடுபள்ளங்களிற் குலுங்கும்போது, ஆணியால் பிணிக்கப்பட்ட பகுதிகள் அதன் நீளத்துக்குக் குறுக்காக இப்புறமும் அப்புறமும் நழுவ முயலும். ஒவ்வொரு நழுவலிலும் உராய்வின் பிடி ஒரு கணம் நெகிழ, ஆணி இம்மியளவு பின்னோக்கித் திரும்புகின்றது. நீளவாக்கில் விழும் அதிர்ச்சியைக் காட்டிலும் குறுக்குவாக்கில் விழும் அதிர்ச்சியே ஆணியை மிகத் தளர்த்தும் என்பதை ஜெர்மானியப் பொறியியலாளர் யுங்கர் 1969-ஆம் ஆண்டில் சோதனையால் நிறுவினார். சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் குலுங்கி வரும் ஒரு பெட்டியினுள் நிகழ்வதும் இதுவே. ஆணியின் கீழுள்ள பகுதி பிளாஸ்டிக்காயின், வெயிலில் நின்ற லாரியின் வெம்மையால் அது மெல்ல அமுங்கிக் கொடுத்து, நெருக்கத்தை மேலும் குறைக்கும். ஆதலின் தளர்ந்து வந்த ஒவ்வொரு பொருளும் குற்றமுடைய பொருளாகாது.

தளர்வு சிறிதாயின் என்ன குடிமுழுகிப் போயிற்று என்பார்க்குக் கணக்கே விடை கூறும். வில்லைக்கும் மரப்பலகைக்கும் இடைத்தொலைவு 50 மில்லிமீட்டர் என்று கொள்வோம். தலை ஒரே ஒரு பாகை சாய்ந்தால் ஒளிப்புள்ளி ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் விலகிவிடும். வெட்டுக்கோட்டின் அகலமோ 0.1 மில்லிமீட்டரளவே. அஃதாவது, கோடு தன் அகலத்தைப்போல் ஒன்பது மடங்கு தூரம் தப்பிச் செல்கின்றது. ஒரு பெயரில் இரண்டு எழுத்துக்கள் தம்முள் மோதுதற்கு இது போதும். இனி, வில்லையே தளர்ந்து மேலும் கீழும் நகருமாயின் கேடு வேறு வகையினது. 6 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒளிக்கற்றை 50 மில்லிமீட்டர் தொலைவிற் புள்ளியாகக் குவிகின்றதென்க. பலகை அவ்விடத்தினின்றும் 2 மில்லிமீட்டர் விலகியிருந்தால், 0.1 மில்லிமீட்டராய் இருக்கவேண்டிய புள்ளி கால் மில்லிமீட்டராக விரியும். அதன் பரப்பு ஏறத்தாழ ஆறு மடங்காகும். ஓரிடத்தில் விழும் அனல் ஆறில் ஒரு பங்காகக் குறையும். வெட்டவேண்டிய ஒளி அப்பொழுது மரத்தைக் கருக்கிப் புகைக்குமேயன்றி வெட்டாது.

நிற்க. அந்த ஃபிட்டர் மேற்கொண்ட முறையைக் காண்போம். மின்சாரத்தைத் துண்டித்தபின் அவர் ஆணியைத் தேடவில்லை; அசைவைத் தேடினார். ஐயத்துக்குரிய இரு பகுதிகளும் சேருமிடத்தில் ஒரு விரலின் நுனியைப் பாதி இப்பகுதியிலும் பாதி அப்பகுதியிலும் படுமாறு வைத்து, மறுகையால் தலையை மெல்ல அசைத்தார். இரு பகுதிகளும் ஒருங்கே அசைந்தால் அவ்விணைப்பு உறுதியானது. விரலின் கீழ் ஒன்று நிற்க மற்றொன்று நகர்ந்தால் தளர்வு அங்கேயே உள்ளது. கண்ணுக்குத் தோன்றாத நகர்வையும் விரல்நுனி காட்டிக்கொடுத்துவிடும். இவ்வாறு ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்தபோது மூன்று தளர்வுகள் புலப்பட்டன. கடகடவென்று ஒலித்தது காற்று மூக்கைப் பிடித்திருந்த வளையம். தலையைத் தாங்கும் தகட்டின் நான்கு ஆணிகளில் இரண்டு நெகிழ்ந்திருந்தன. மூன்றாவதோ புதிய தலையினுடையதே அன்று. பழைய பொறியின் வண்டிச் சக்கரங்கள் தேய்ந்து தண்டவாளத்தில் ஆடிக்கொண்டிருந்தன. இலேசான ஒரு தலையைத் தாங்கியவரையில் வெளிப்படாத அத்தளர்வு புதிய பளுவால் வெளிப்பட்டது. விரலால் சோதியாது விட்டிருந்தால், பழையதன் பிழையும் புதியதன்மேல் ஏற்றப்பட்டிருக்கும்.

ஈண்டு ஓர் உண்மையை மறத்தலாகாது. அசைவன எல்லாம் பிழையுடையன அல்ல. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் தலை ஆடுதற்கென்றே அவ்வாறு அமைக்கப்பட்டது; அதனை இறுக்கிவிட்டால் பொம்மை கெட்டது. அங்ஙனமே லேசர்த் தலையிலும், குவியத்தைச் சரிசெய்தற்கென்று வழுக்கி நகருமாறு அமைந்த பகுதி உண்டு. வண்டி ஓடும்போது இழுபடாமைக்கென்று தொய்வாக விடப்பட்ட மின்கம்பி உண்டு. எது ஆடவேண்டியது, எது ஆடலாகாதது என்று பகுத்தறிந்த பின்னரே கருவியைக் கையிலெடுத்தல் வேண்டும்.

இறுக்கும் முறையும் அறியத்தக்கது. முதலில் ஆணியின் தலைமீதும் அதனை அடுத்த தகட்டின்மீதும் ஒன்றாய்ப் படும்படி பென்சிலால் ஒரு கோடு இழுத்துக்கொண்டார். ஆணி எவ்வளவு திரும்பிற்று என்பதற்கும், நாளை மீண்டும் தளர்ந்தால் அதனை அறிதற்கும் அக்கோடே சான்று. 3 மில்லிமீட்டர் மரையாணிக்கு 2.5 மில்லிமீட்டர் ஆலன் சாவி பொருந்தும். வளைந்த அச்சாவியின் நீண்ட கையை ஆணியினுள் நுழைத்து, குறுங்கையை விரல்களால் மட்டும் திருப்பினார். நீண்ட கையைப் பற்றித் திருப்பினால் நம் வலிமை பன்மடங்காகி, எஃகு ஆணி மெல்லிய அலுமினியத்தின் மரையை அறுத்துவிடும். மரை அறுந்தபின் எத்துணை முறுக்கினும் பிடிப்பு வாராது. நான்கு ஆணிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிவுவரை இறுக்கினாரல்லர். எதிரெதிர் மூலைகளாக மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கினார். ஒரு பக்கத்தை முதலில் முடித்துவிட்டால் தகடு சாய்ந்தே அமரும். நாம் நீக்க முயலும் சாய்வை நாமே உண்டாக்கியவராவோம்.

மீண்டும் தளராமைக்கு மரைகளில் இடும் பசையொன்று உண்டு. காற்றுப் புகாத இடத்தில் உலோகத்தின் நடுவே இறுகும் இயல்புடைய அப்பசையில், பின்னர் கழற்றக்கூடிய வகை பெரும்பாலும் நீல நிறத்தில் கிடைக்கும். ஓர் ஆணிக்கு ஒரு துளி மிகுதி. ஆனால் அக்ரிலிக் முதலிய பிளாஸ்டிக் பகுதிகளில் அது படலாகாது. பட்டால் வெடிப்பு உண்டாகும். கடைகளில் எளிதிற் கிடைக்கும் உடனொட்டும் பசையையோ வில்லையின் அருகே கொண்டுசெல்லவே கூடாது. அதன் ஆவி வில்லையில் வெண்படலமாகப் படிந்துவிடும். நாகூர் கடலை அடுத்த ஊராதலின் உப்புக்காற்றால் ஆணிகள் துருவேறுதல் இயல்பு. துருவேறிய ஆணி இறுகியிருப்பதுபோல் தோன்றினும் அது நெருக்கத்தால் வந்த இறுக்கமன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழைக்குப் பின்னர் ஒருமுறை பென்சிற் கோடுகளைப் பார்வையிடுதல் நலம்.

இறுக்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை, சோதித்தறிதலே முடிவு. தச்சர் பயன்படுத்தும் மூலைமட்டத்தைப் படுக்கையின்மேல் நிறுத்தித் தலை செங்குத்தாக உள்ளதா என்று இரு பக்கங்களிலும் பார்த்தார். தலையோடு வந்த அளவுக்கட்டையைக்கொண்டு குவியத்தொலைவைச் சரிசெய்தார். பின்னர், அந்த நீல ஒளிக்கென்றே அமைந்த காப்புக்கண்ணாடியை அங்கிருந்த அனைவரும் அணிந்தபின், மின்சாரத்தை இணைத்து, குறைந்த ஆற்றலில், ஒட்டுப்பலகைத் துண்டொன்றில் 50 மில்லிமீட்டர்ச் சதுரம் ஒன்றையும் வட்டம் ஒன்றையும் இருமுறை வரையச் செய்தார். இரு முறையும் கோடு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் தலை ஆடவில்லை. வட்டத்தின் தொடக்கமும் முடிவும் கூடினால் வண்டி நழுவவில்லை. சதுரத்தின் இரு மூலைவிட்டங்களும் 70.7 மில்லிமீட்டராக ஒத்திருந்தால் பொறியின் சட்டம் கோணவில்லை. காப்புக்கண்ணாடியைப் பற்றி இன்னுமொரு சொல்: ஒரு நிறத்துக்கு அமைந்தது வேறொரு நிறத்துக்குக் காப்பாகாது. உலோகத்திற் பொறிக்கும் வேறு சில லேசர்களின் ஒளி கண்ணுக்கே புலனாகாதது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியின் வழியே அது தடையின்றிப் பாயும். மேலும், சோதனைக்கென்று ரெக்சின் துண்டைப் பலர் எடுப்பதுண்டு. அது பெரும்பாலும் பி.வி.சி. பூசிய துணியாதலின், லேசர் பட்டவுடன் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சுப்புகையைக் கக்கும். நுரையீரலையும் பொறியின் இரும்பையும் அது ஒருங்கே அரிக்கும்.

எல்லாத் தளர்வையும் நாமே திருத்த முற்படுதலும் அறிவுடைமையன்று. வில்லையில் விரிசல், அறுந்த மரை, கம்பியின் காப்புறையில் கிழிசல், முத்திரையிட்ட கூட்டினுள்ளே உருளும் பொருள் ஆகிய இவற்றுள் ஒன்று காணப்படினும் கையைக் கட்டிக்கொண்டு நிற்றலே தகும். பெட்டியையும் பொருளையும் வந்த நிலையிலேயே படமெடுத்து விற்றவருக்கு எழுதுக. முத்திரையை உடைத்தபின் முறையிடுவது கடினம். குறையுள்ள பொருளை மாற்றித் தருமாறும் விலையைத் திருப்பித் தருமாறும் கேட்கும் உரிமையை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு அளித்துள்ளது. வெளிப்புறத்து ஆணியை இறுக்குதல் பயன்படுத்துவோன் கடன். உட்புறத்துக் குறையை நீக்குதல் விற்றவன் கடன். இவ்விரண்டனையும் வேறுபடுத்தி அறிதலே திறமை.

தொலைவிலிருந்து வந்த கருவியை இவ்விடத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளும் வழக்கம் இக்கடற்கரைக்குப் புதிதன்று. நாகூருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்குள் அமைந்த தரங்கம்பாடிக்கு 1712-ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து ஓர் அச்சுப்பொறி வந்து சேர்ந்தது. அது வந்த கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கி மீண்டது. பொறியை இயக்குதற்கென்று உடன் வந்த அச்சாளரோ பயணத்திலேயே இறந்துபோனார். பொறி வந்தது, ஆள் வரவில்லை என்று அங்குள்ளோர் சோர்ந்திருக்கவில்லை. அச்சுத்தொழில் அறிந்த படைவீரன் ஒருவனைத் தேடிக் கண்டுபிடித்தனர். மறு ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் அளவிற் பெரியனவாய்க் காகிதத்தை விழுங்கின. அதனால் சிறிய எழுத்துக்களைத் தரங்கம்பாடியிலேயே வார்த்துக்கொண்டனர். நம் மொழியின் அச்சு வரலாற்றில் பேரிடம் பெற்ற அப்பணி, வந்த பொருளை வந்தவாறே ஏற்றுக்கொள்ளாமல் ஆராய்ந்து பொருத்தியோர் கையால் நிகழ்ந்ததாகும்.

நாகூர்ப் பெரியவரின் பொறி அன்று மாலையே இயங்கத் தொடங்கிற்று. தேய்ந்த சக்கரங்களை மாற்ற மேலும் மூன்று நாட்கள் பிடித்தன. அதுவரை பெரிய பலகைகளை ஏற்றாமல் சிறிய பெயர்த்தகடுகளையே அவர் செய்தார். கந்தூரிக்கு முன் ஏற்றுக்கொண்ட வேலைகளுள் ஒன்றும் நின்றுபோகவில்லை.

மாணவ நண்பர்களே, நம்மிற் பலர் இனி இத்தகைய கருவிகளைக் கல்லூரிகளிலும் கடைகளிலும் இல்லங்களிலுங்கூடக் கையாள இருக்கின்றோம். புதிதாய் வந்தது என்பதனால் அது முழுமையானது என்று நம்பற்க; தளர்ந்திருக்கின்றது என்பதனால் அது பழுதானது என்று வெறுக்கவும் வேண்டா. மின்சாரத்தை நீக்கிவிட்டுத் தேடுக. ஆடலாகாததை மட்டும் அளவறிந்து இறுக்குக. கண்ணைக் காத்துக்கொண்டு சோதித்தறிக. அதன் பின்னரே நம்புக. ஆணி போனால் வேறோர் ஆணி கிடைக்கும். பலகை கெட்டால் வேறொரு பலகை கிடைக்கும். விழி போனால் அதற்கு மாற்று இவ்வுலகில் எந்தக் கடையிலும் இல்லை.